பலம் பத்து

எங்கள் ஆசானுக்கு அப்போது பதினாறு வயது. எனக்குப் பதினேழு. அவன் பெயர் லிபின். ஜாம்பி விளையாட்டில் அவன் ஆள் இருநூற்றுப் பத்து நாளாகச் சாகவில்லை. அதனால்தான் ஆசான். வேறு பெரிய காரணம் கிடையாது.

நாகர்கோவிலில் ஒரு கேமிங் சென்டர். இப்போது அங்கே செல்போன் கவர் விற்கிறார்கள். அப்போது ஐந்து கம்ப்யூட்டர், ஐந்து ஹெட்செட், எல்லாருக்கும் சேர்த்து ஒரு ஃபேன். சனிக்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை நாங்கள் ஐந்து பேர்.

மூன்று தடவை செத்தவன் எழுந்துவிட வேண்டும். அவன் இடம் வெளியே காத்துக்கொண்டிருப்பவனுக்கு. ரூல் போட்டது எங்களில் ஒருவன், ஜெனிஷ். நானும்தான் கை தூக்கினேன். அப்போது நான் ஒரு தடவைகூடச் சாகவில்லை.

பிறகு இரண்டு தடவை செத்தேன்.

பதினொன்றாம் வகுப்பில் பாதியிலேயே படிப்பை விட்டுவிட்டுப் பஞ்சர் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இவர்கள் நாலுபேரும் பள்ளிக்கூட பஸ்ஸில் கடையைத் தாண்டிப் போவார்கள். கை காட்டுவார்கள். அவ்வளவுதான். சனிக்கிழமையும் போய்விட்டால் எனக்கு அந்தக் கை மட்டும்தான் மிச்சம்.

மூன்றாவது ஆளை உருவாக்கும்போது ஆசானிடம் கேட்டேன். எல்லாருக்கும் இருபது புள்ளி தருவார்கள். பலம், மூச்சு, காது, கைவேகம் என்று நாலாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நான் பலத்துக்கு மட்டும் பத்து போட்டிருந்தேன். அதுக்கு மேலே போடமுடியாது.

“எந்த நம்பர் கூட இருந்தா சாவமாட்டேன்?”

“அந்த மரத்த வெட்டு,” என்றான். “நிறுத்தாம வெட்டு.”

கோடாலியால் இருபது வெட்டு வெட்டினேன்.

“இப்ப என்னைய அடி.”

“செத்துருவ மக்கா.”

“அடில.”

அடித்தேன். அவன் ஆள் லேசாக ஆடியது. ஸ்கிரீனில் அவன் உயிரைக் காட்டும் ரத்தக்கோடு ஒரு நகக்கண் அளவு குறைந்தது.

“பலம் எவ்வளவு காட்டுது?”

“பத்து.”

“ம்.” அவன் நாங்கள் ஒளிந்திருந்த வீட்டு வேலிக்கு ஆணி அடிக்கப் போய்விட்டான்.

இது என்ன பதில்? எனக்கு எரிச்சல்தான் வந்தது. நேராகச் சொன்னால் வாயா வலிக்கும்?

அடுத்த சனிக்கிழமை மருந்துக்கடையில் மருந்தெடுக்கத் தனியாகப் போனேன். கதவைத் திறந்ததும் வந்தன. பத்தொன்பது ஜாம்பியை வீழ்த்தினேன். இருபதாவது ஒரு கிழவி. கோடாலி அவள் தலையில் பட்டது, கோழி இறகு பட்ட மாதிரி. என் மூச்சுக்கோடு காலி. ஜாம்பிக்கு எப்போதுமே களைப்பு கிடையாது. இடது கையில் கடித்துவிட்டாள்.

கடிபட்டால் மருந்து இல்லை. விளையாட்டில் இரண்டு நாள், எங்கள் கணக்கில் இரண்டு மணி நேரம். பிறகு ஆள் காலி. கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றரை.

மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் போட்ட சத்தத்துக்கு முந்நூறு ஜாம்பி கிளம்பி, என் பின்னாலேயே வந்து, எங்கள் வேலியில் முட்டிக்கொண்டு நின்றன.

“கடிச்சிட்டு,” என்றேன்.

ஹெட்செட்டில் ஜெனிஷ்தான் சொன்னான். “விசில எடுத்துக்கோ மக்கா.”

எங்கள் வழக்கம் அது. கடிபட்டவன் விசிலடித்து, கூட்டத்தைத் தன் பின்னால் கூட்டிக்கொண்டு ஆற்றுப்பக்கம் போய்விட வேண்டும். மற்றவர்கள் பிழைப்பார்கள்.

நான் பின்கதவு வழியாக வெளியே வந்தேன். கதவு மறுபடி திறந்தது. லிபின்.

“ஆசானே, நீ எங்கல போற?” ஜெனிஷ் கத்தினான். “இருநூத்திப் பத்து நாளுல! பேசாம உள்ள வா!”

லிபின் என்னிடம் மட்டும் சொன்னான்.

“ஓடாத. ஓடுனா அதுவ எல்லாம் உன்ன உட்டுட்டு வீட்டுக்குத் திரும்பும். அடிக்காத. நட.”

நடந்தோம். பின்னால் முந்நூறு. எனக்குக் கை அரித்தது. அதற்கு முன் அரைமணி நேரம்கூட ஒன்றையும் அடிக்காமல் நான் அந்த விளையாட்டை விளையாடியதே இல்லை. நடக்க நடக்க மூச்சுக்கோடு தானாக நிறைந்தது. அப்படி நிறையும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அவன் பேசிக்கொண்டே வந்தான். கெமிஸ்ட்ரி சார் கண்ணாடியை உடைத்தது. பெஞ்சில் என் இடத்தில் இப்போது யார் என்று கேட்டேன். “ஒருத்தரும் இல்ல. பை வெச்சிருக்கோம்,” என்றான். ரோட்டில் இரண்டு பக்கமும் மஞ்சளாகப் புல். நிஜமாக நான் நடந்த எந்த ரோட்டையும்விட அந்த ரோடு எனக்கு இன்றைக்கும் நன்றாக ஞாபகமிருக்கிறது.

“உன் பலம் எவ்வளவுல?” என்றேன்.

“ரெண்டு.”

“பொய்.”

அடுத்த நாற்காலிதான். ஸ்கிரீனை என் பக்கம் திருப்பிக் காட்டினான். பலம் இரண்டு. மூச்சு மூன்று. காது ஒன்பது. கைவேகம் ஆறு.

“இத வெச்சா இருநூத்திப் பத்து நாளு?”

“நான் ஒருநாளாவது தனியா வெளிய போயி பாத்திருக்கியா?”

யோசித்தேன். ஒருநாள்கூட இல்லை. துணையில்லாமல் மூத்திரம் போகமாட்டான் என்று நாங்களே கேலி செய்வோம். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

ஐந்தேகாலுக்கு ஆற்றுப்பாலம் தெரிந்தது. என் ஆளுக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தான். ஸ்கிரீன் ஓரம் சிவந்தது. வெளியே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், என் இடத்துக்கு வரப்போகிறவன் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் கவனித்தேன். காலிழுக்கிற என்னைவிட லிபின் மெதுவாக நடந்தான்.

“லேய், வெரசா நட. பாலத்துல என்ன உட்டுட்டு நீ ஒத்தைக்கு இவ்வளவு தூரமும் திரும்பணும்.”

“தெரியும்.”

“பெறகு எதுக்குல இப்பிடி ஊருத?”

அவன் ஸ்கிரீனைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“ஒத்தைக்குல்லா திரும்பணும். அதான்.”