சவரியம்மாளின் பிஸ்கட் டப்பா

ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற பீட்டா பிளாக்கர் மாத்திரை உடம்பில் சர்க்கரையைக் கூட்டுமா? இதுதான் டாக்டர் கோமதிநாயகத்தின் ஆராய்ச்சி. மனுஷருக்கு நாற்பத்தெட்டு வயது. வழிகாட்டி மீனலோசனி அவரைவிட ஏழு வயது சின்னவர். ஆனாலும் அந்த ஆஸ்பத்திரியில் அவர்தான் குரு.

ஆராய்ச்சியில் சேர்ந்தவர்கள் மாதாமாதம் காலியான மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். சவரியம்மாள் ஆறு மாதமும் தவறாமல் காட்டினாள். சர்க்கரை ஏறவே இல்லை. பிரஷர்தான் இறங்கவில்லை.

"கருவாட்டை விடும்மா முதல்ல!" என்று சத்தம் போட்டு அனுப்பினார் கோமதிநாயகம்.

ஏழாம் மாதம் அவள் புருஷன் அருளப்பன் வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டப்பா.

"அவ போன வாரம் போயிட்டாய்யா. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிருச்சாம். இது அவ வச்சிருந்தது. ஆஸ்பத்திரி மாத்திரை, வீணாப் போகக்கூடாது. வேற யாருக்காவது குடுங்க."

டப்பாவில், அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்த ஆறு மாதத்து மாத்திரையும் இருந்தது.

"ஐயோ, ஏன் சாப்பிடல?"

"இதனால சர்க்கரை வருமான்னு பாக்கப்போறோம்னு சேர்க்கும்போது நீங்கதானே சம்மதப் பத்திரத்தை வாசிச்சீங்க. அவ அக்காவுக்குச் சர்க்கரையில காலை எடுத்துட்டாங்க. பயந்துட்டாய்யா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

அருளப்பன் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

கோமதிநாயகம் டப்பாவைக் கொண்டுபோய் மீனலோசனியின் மேஜையில் வைத்தார்.

"மாசாமாசம் கேட்டேன் மேடம். அந்த அம்மா ஏன் என்கிட்ட பொய் சொன்னாங்க?"

மீனலோசனி டப்பாவை எடுத்துக்கொண்டு கோமதிநாயகத்தின் அறைக்குப் போய், நோயாளிகள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உங்க நாற்காலியில உட்காருங்க சார். அவங்களைக் கேட்ட மாதிரியே என்னைக் கேளுங்க."

உட்கார்ந்தார். பழக்கம் விடுமா? பதிவேட்டை விரித்தார், பேனாவைத் திறந்தார், குனிந்தபடியே கேட்டார்.

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறீங்கல்ல?"

"ஆமாங்கய்யா."

கை தானாக ஒரு டிக் போட்டது. பிறகுதான் நிமிர்ந்தார்.

மீனலோசனியின் கை அவர் முகத்துக்கு நேரே விரிந்திருந்தது. உள்ளங்கை நிறைய மாத்திரை.

"நீங்க கேட்க ஆரம்பிச்சதிலேருந்து நீட்டிக்கிட்டுத்தான் சார் இருக்கேன்," என்றார்.