ஆலைச் சக்கரத்துக்குத் தோல் பார்த்த கதை

புத்திசாலிகள் எந்த ஊரிலும் கிடைப்பார்கள். அசையாம்பாளையத்து ஆட்கள் அசையாம்பாளையத்தில் மட்டும்தான் கிடைப்பார்கள். அங்கே கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சும் ஆலை ஒன்று இருந்தது. ராக்கியண்ணன், மாரப்பன், செங்கோடன் மூவரும் அதைக் கூட்டாக நடத்தினார்கள். மூளையும் கூட்டுதான் என்று ஊரில் பேச்சு. அது யார் வசம் இருக்கிறது என்பது மட்டும் மூவருக்கும் தெரியாது.

ஒருநாள் ஆலையின் கியர் பெட்டி கரகரவென்று சத்தம் போட்டது. டவுனிலிருந்து மெக்கானிக் இன்னாசி வந்து பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றினார். பின்னால் குறைந்தால் விட்டுக்கொள்ள ஒரு டின் எண்ணெயும் கொடுத்தார். ஊற்றியதோடு போயிருக்கலாம். பாவம், நல்ல மனுஷன், விளக்கமும் சொன்னார்.

"இந்த ஆயில்ல மருந்து கலந்திருக்குதுங்க. சக்கரத்துப் பல்லும் பல்லும் அழுத்தற எடத்துல சூடேறும். அந்தச் சூட்டுல மருந்து இரும்பு மேல தோலாட்டம் படிஞ்சுக்கும். கண்ணுக்குத் தெரியாது. இனி தேயறதெல்லாம் அந்தத் தோலுதான், இரும்பு தேயாது."

மூவரும் பக்தியோடு கேட்டுக்கொண்டார்கள். அவர் பைக் சத்தம் மறைந்ததும் மாரப்பனுக்குச் சந்தேகம் வந்தது. கண்ணுக்குத் தெரியாத தோல் படிந்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நெடுநேரம் யோசித்து, சுரண்டிப் பார்ப்பதுதான் முறை என்று முடிவு செய்தார்கள். சுரண்டினால் ஏதாவது உதிர்ந்தால் தோல் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த நேரம் பார்த்துப் பாவாத்தாள் வண்டி நிறையக் கரும்போடு வந்து இறங்கினாள். தனியாளாக நின்று வருஷம் முழுக்கப் பாடுபட்டு விளைவித்த கரும்பு. வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்தால் சாறு சுண்டிப்போகும், வெல்லம் கட்டாது. அந்தப் பயம் அவள் முகத்திலேயே தெரிந்தது. சீக்கிரம் ஆட்டிக் கொடுங்கள் என்று கெஞ்சினாள். தோல் பார்க்காமல் ஆட்டினால் இரும்பு தேய்ந்துவிடும், அந்தப் பாவம் நமக்கெதற்கு என்றார் ராக்கியண்ணன்.

செங்கோடன் அரத்தை எடுத்து ஒவ்வொரு பல்லாக ராவினான். பளபளவென்று பொடி உதிர்ந்தது. தோல் படிந்திருக்கிறது என்று மூவருக்கும் பரம சந்தோஷம். ஆனால் ராவியதில் தோல் போய்விட்டதே. தோலில்லாத பல்லை ஓட்டலாமா? மறுபடி படியட்டும் என்று கொஞ்ச நேரம் மோட்டாரை ஓட்டினார்கள். நிறுத்தினார்கள். படிந்ததா என்று பார்க்க மறுபடி ராவினார்கள். அப்போதும் பொடி உதிர்ந்தது. மருந்து இவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்வதைக் கண்டு மாரப்பனுக்குக் கண் கலங்கியது.

இப்படியே ஓட்டுவதும் ராவுவதுமாக ஒரு வாரத்துக்கு மேல் போனது. கரும்பு காயத் தொடங்கியது. பாவாத்தாள் சாப்பாட்டையும் மறந்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் திருப்தியாகி, கரும்பை வைத்து மோட்டாரைப் போட்டார்கள். ஒரு சக்கரம் வழுக்கிக்கொண்டு சுற்றியது. மற்றது சும்மா நின்றது. கரும்பை நசுக்கும் உருளை அசையவே இல்லை. சத்தமும் இல்லை. இன்னாசி கெட்டிக்காரர், கரகரப்பை நிறுத்திவிட்டாரே என்று மெச்சினான் மாரப்பன். பெட்டிக்குள் எட்டிப் பார்த்த செங்கோடன் மட்டும் நிமிரவில்லை.

"அண்ணா, பல்லையே காணமுங்க."

மூவரும் சக்கரத்தைத் தடவிப் பார்த்தார்கள். தேய்த்து வைத்த தாம்பாளம் மாதிரி வழவழவென்றிருந்தது. ராக்கியண்ணன் வெகுநேரம் தாடையைச் சொறிந்தார்.

"மெக்கானிக் என்ன சொன்னாரு? தேயறதெல்லாம் தோலு, இரும்பு தேயாதுன்னு சொன்னாரில்ல? இப்பத் தேஞ்சது பல்லு. அப்பப் பல்லு பூராவும் தோலுதான், தம்பி. மருந்து ஊத்திச் சூடும் அழுத்தமும் குடுத்தா மறுக்காப் படிஞ்சுக்கும்."

எவ்வளவு யோசித்தும் மற்ற இருவருக்கும் இதில் குறை தெரியவில்லை. சக்கரத்தைக் கழற்றி வெல்லக் கொப்பரையில் போட்டு, டின் எண்ணெயை மொத்தமாக ஊற்றி, அடுப்பை மூட்டினார்கள். அழுத்தத்துக்குச் சக்கரத்தின் மேல் ஆட்டுக்கல், ஆட்டுக்கல்லின் மேல் செங்கோடன். எண்ணெய் காயக் காய அழுகிய முட்டை நாற்றம் ஊரைத் தூக்கியது. மருந்துக்கு என்ன வீரியம் பார் என்று ராக்கியண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு மெச்சினார்.

பல் முளைக்கவில்லை. சூடு போதவில்லை, செங்கோடனைத் தவிர வேறெதையும் சுடவில்லை என்றான் மாரப்பன். அடுப்புக்குப் போடக் கொட்டகையில் இருந்த கரும்புச் சக்கையெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. வேறு எரிபொருள் இல்லை. மூவரும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள்.

பாவாத்தாளால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அவளும் அதே ஊர்தானே. எழுந்து போய்த் தன் கரும்பில் ஒரு கட்டைத் தூக்கி வந்து அடுப்பில் திணித்தாள். நன்றாகக் காய்ந்திருந்ததால் குப்பென்று பற்றியது. அதைப் பார்த்து அவள் முகத்தில் முதன்முறையாகத் தெம்பு வந்தது. கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து போட்டாள். கடைசிக் கட்டுக்கு மாரப்பன் கை நீட்டியபோதுதான் தடுத்தாள்.

"அது ஒண்ணு கெடக்கட்டுங்க. பல்லு மொளைச்சா ஆட்டறதுக்குக் கரும்பு வேணுமில்ல?"