மூணு அண்ணன்களும் முன் பிரேக்கும்

கூறுகெட்டவன் ஊருக்கு ஒருத்தன் இருப்பான். மலைமேல இருக்கிற குளவிப்பட்டியில ஒரே வீட்டுல மூணு பேர்: சடையப்பன், பொம்மையன், காரியப்பன். தங்கச்சி செல்லக்கிளிக்கு மறுநாள் காலை பத்தரைக்கு முகூர்த்தம். மண்டபம் அடிவாரத்துல, நடுவுல இருபது கொண்டை ஊசி வளைவு. அவங்க பழைய எஸ்.யூ.வி.யோட முன் பிரேக்கோ தேய்ஞ்சுபோய்க் கீச்சு கீச்சுன்னு கத்துது.

அடிவாரத்து மெக்கானிக் இருதயராஜ் புது பிரேக் பேடும் டிஸ்க்கும் பஸ்ஸில கொடுத்தனுப்பி, போன்ல வழி சொன்னார். “முதல்ல சக்கரம் உருளாம கல்லு வைங்கப்பா.”

முன் சக்கரத்தைக் கழட்டிப் படுக்கப் போட்டு, அதைச் சுத்தி நாலு கல்லு வெச்சாங்க. சக்கரம் அசையல. வண்டிதான் ஜாக்கியை விட்டு நழுவிப் பலாமரத்துல போய்ச் சாஞ்சுது.

“வண்டிக்குக் கல்லு வைக்கச் சொல்லலியே!” என்றான் பொம்மையன்.

“புது டிஸ்க்குல எண்ணெய்ப் பசை இருக்கும், சுத்தமாப் போக்குங்க” என்றார் மெக்கானிக். எண்ணெய்க்குச் சீயக்காய்தானே? ரெண்டு டிஸ்க்கையும் தேய்ச்சுக் குளிப்பாட்டி, சளி பிடிக்கக் கூடாதுன்னு சாம்பிராணிப் புகையும் காட்டினாங்க. கர்மம்! எப்படியோ சாயங்காலத்துக்குள்ள மாட்டி முடிச்சுட்டாங்க.

“புது பேடு பதியற வரைக்கும் முன் பிரேக்குக்கு முரட்டு வேலை கொடுக்காதீங்க. பின் பிரேக் நல்லா இருக்கு” என்று சொல்லிப் போனை வெச்சார் இருதயராஜ்.

காலையில பட்டுச்சேலையோட செல்லக்கிளி பின்சீட்டுல ஏறி உட்கார்ந்தா. அண்ணன்மார் வெளியே நின்னு யோசனை பண்ணினாங்க.

“இறக்கத்துல எந்தப் பக்கம் முதல்ல போகுதோ, அதுக்குத்தானேடா வேலை?” என்றான் மூத்தவன் சடையப்பன்.

“ஆமாண்ணே. நல்லா இருக்கிறது பின்பக்கம்.”

“அப்போ பின்பக்கமே முதல்ல போகட்டும்!”

மலை முழுக்க ரிவர்ஸ். சடையப்பன் ஜன்னல் வழியா தலையை நீட்டி ஓட்ட, தம்பிங்க ரெண்டு பேரும் கையில கல்லோட ரெண்டு பக்கமும் ஓடினாங்க.

“அண்ணா, முகூர்த்தம் போயிரும்ணா!”

“சும்மா இரு புள்ள, புது பிரேக்கு!”

மூணாவது வளைவுல ஒரு லாரிக்காரர், “கிறுக்கா பிடிச்சிருக்கு?”ன்னு கேட்டுட்டார். மூணு பேரும் அவரோட மல்லுக்கு நின்னாங்க. செல்லக்கிளி சத்தமில்லாம இறங்கி, வந்த பஸ்ஸில ஏறிட்டா. அந்த வீட்டுல அவளுக்காவது அறிவிருந்துச்சே! இவங்க பின்சீட்டை எட்டிக்கூடப் பார்க்காம வண்டியை எடுத்தாங்க.

மத்தியானம் ரெண்டு மணிக்கு மண்டபம் வந்து சேர்ந்தாங்க. பின்கதவைத் திறந்தா ஆளைக் காணோம். காரியப்பன் ஓன்னு அழுதான். உள்ளே ஓடிப்போய்ப் பார்த்தா, கழுத்துல புதுத்தாலியோட மாப்பிள்ளை பக்கத்துல உட்கார்ந்து பாயசம் குடிச்சிட்டிருக்கா செல்லக்கிளி.

சடையப்பன் தம்பி தலையில ஓங்கி ஒரு குட்டு வெச்சான்.

“எதுக்குடா அழுதே? பின்சீட்டுல உட்கார்ந்தவ நம்மளவிட முதல்ல வந்து சேராம வேற எப்படிடா வருவா?”