இடப்பக்கத்து பிரேக்

பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மரகதத்தை ஊரில் எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். மழை பிடித்துக்கொண்ட ஒரு சனிக்கிழமை லிடியா அவரிடம் வந்தாள். கூடவே, மாஸ்டரிடமே ஓட்டக் கற்றுக்கொண்ட மகள் பெனிலா. அவளுக்கு லைசென்ஸ் இப்போதுதான் கைக்கு வந்திருந்தது. திங்கட்கிழமை முதல் தானே கார் ஓட்டிக் கல்லூரிக்குப் போவதாக இருந்தாள்.

மகள் காதில் விழாமல் லிடியா சொன்னாள்.

“இவளுக்கு இன்னும் கை திருந்தலைன்னு சொல்லிடுங்க மாஸ்டர். மழை முடியட்டும். நீங்க சொன்னா கேட்பா.”

“கை திருந்தியிருக்கே.”

“எனக்குத் தூக்கமே இல்லை. கண்ணை மூடினா ஒரு கார் வழுக்கிக்கிட்டே போகுது.”

“யார் ஓட்டுறாங்க, அந்தக் காரை?”

லிடியா யோசித்தாள்.

“தெரியல. கண்ணாடியெல்லாம் தண்ணி.”

மாஸ்டர் குடையை மடக்கினார்.

“வாங்க. ஓட்டிப் பார்ப்போம்.”

மூடிக்கிடந்த மில்லின் முற்றத்துக்குப் போனார்கள். நீளமான சிமெண்டுத் தரை மழையில் பளபளத்தது. கோடியில் மதில். கற்றுக்கொடுக்கிற காரில் இடப்பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அது மாஸ்டரின் இடம். அங்கே லிடியாவை உட்காரவைத்துவிட்டு அவர் பின்னால் ஏறிக்கொண்டார்.

“பையில ஜெபமாலை இருக்குமே லிடியா. எடுத்து நடுக் கண்ணாடியில தொங்கவிடுங்க.”

தொங்கவிட்டாள்.

“பெனிலா, மழையில இது ஆடாம ஓட்டணும். மெதுவாப் போ. மெதுவாத் திருப்பு. மெதுவா நிறுத்து.”

“அம்மாவை மெதுவா மூச்சு விடச் சொல்லுங்க மாஸ்டர். அந்தக் காத்துலயே ஆடும்.”

கார் கிளம்பியது. முற்றத்தை ஒரு சுற்று வந்தது. ஜெபமாலை லேசாக அசைந்ததோடு சரி. பெனிலா மதிலை நோக்கித் திருப்பினாள். தூரத்திலேயே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டாள். லிடியா அதைக் கவனிக்கவில்லை. அவள் கண்ணில் மதில்தான் இருந்தது. அது பெரிதாகிக்கொண்டே வந்தது.

“மாதாவே.”

அவளுடைய இரண்டு காலும் சேர்ந்து பிரேக்கில் இறங்கின.

சக்கரங்கள் இறுகிக்கொண்டன. கார் நிற்கவில்லை, வழுக்கியது. ஜெபமாலை எகிறி முன்கண்ணாடியில் அடித்தது. பெனிலா ஸ்டியரிங்கைத் திருப்பினாள். கார் தன் போக்கில் மதிலைப் பார்த்தே போனது.

“அம்மா, காலை எடு.”

கால் மரத்துப்போயிருந்தது.

“எடும்மா.”

எடுத்தாள். சக்கரம் மறுபடி தரையைப் பிடித்தது. கார் திரும்பி, மதிலை ஒட்டியே ஊர்ந்து நின்றது.

வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பெனிலா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. கேலி பேசவும் இல்லை.

“அவளைக் காப்பாத்தத்தானே நான்…” என்றாள் லிடியா.

“தெரியும்.”

“அப்ப திங்கட்கிழமை நான் என்னதான் செய்யட்டும்?”

மாஸ்டர் இறங்கிப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். மழை அவர் தோளில் விழுந்தது.

“இங்க வந்து உட்காருங்க. அவ இன்னொரு தடவை ஓட்டட்டும்.”

“பின்னாலயா? அங்க பிரேக் இல்லையே மாஸ்டர்.”

“இல்லை. ஆனா இங்கிருந்து பார்த்தா ஜெபமாலை நல்லாத் தெரியும்.”