பொம்மாயியின் சட்டிச் சுவர்

முன்னொரு காலத்தில், பெயரைச் சொன்னால் இன்றைக்கும் யாராவது கோபித்துக்கொள்வார்கள் என்பதால் பெயர் சொல்லாமல் விடப்படும் ஒரு நாட்டில், கனகமாறன் என்றொரு அரசன் இருந்தான். ஒருநாள் காலை அவனுக்குக் கலைமேல் ஆசை வந்துவிட்டது. பக்கத்து நாட்டு அரசன் சித்திர மண்டபம் கட்டியிருக்கிறான் என்று கேள்விப்பட்டதுதான் காரணம். வேறு காரணம் எதுவும் இல்லை.

உடனே இங்கேயும் ஒரு மண்டபம் எழுந்தது. மணிமௌலியார் என்பவர் அரசவைச் சித்திரக்காரராக அமர்த்தப்பட்டார். அவர் சுவர் முழுக்க அரசனையே வரைந்தார். அரசன் சிங்கத்தைக் கொல்கிறான். அரசன் கடலைத் தாண்டுகிறான். அரசன் தேவலோகத்தில் விருந்து உண்கிறான். எல்லாச் சித்திரத்திலும் அரசனுடைய இடுப்பு ஒரு பிடியில் அடங்கியது. அந்த இடுப்பை நேரில் பார்த்தவர்கள் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மண்டபம் திறந்த அன்று அவையே வாயைப் பிளந்து நின்றது. பிளக்காதவன் ஒருவன்தான், அரசவை விகடன் வேம்பன்.

“என்ன வேம்பா, பேச்சையே காணோம்?” என்றான் அரசன்.

“பொன் நிறையச் செலவாகியிருக்கிறது அரசே, அது நன்றாகத் தெரிகிறது. ஆனால் சித்திரம் பார்க்க வேண்டுமென்றால் நான் மடைப்பள்ளிக்குப் பின்பக்கம் போய்விடுவேன். அங்கே இதைவிட நல்லதாக ஒன்று இருக்கிறது.”

மணிமௌலியாரின் முகம் சுருங்குவதைப் பார்க்கத்தான் வேம்பன் அப்படிச் சொன்னான். முகமும் சுருங்கியது. ஆனால் மறுநாளே அந்த வார்த்தை வேறொருத்தியின் தலையில் போய் விழுந்தது.

மடைப்பள்ளியில் சோறு வடிக்கிறவள் பொம்மாயி. உடைந்த சட்டிகளை எறிய மனமில்லாமல், பின்சுவரில் களிமண் வைத்து ஒட்டி அவற்றுக்கெல்லாம் முகம் கொடுத்திருந்தாள். புளியங்கொட்டை கண்ணாயிற்று, தேங்காய் நார் மீசையாயிற்று, கத்தரிக்காய்க் காம்பு கிரீடமாயிற்று. உதடு முன்னால் பிதுங்கிய சட்டி அச்சாக முதலமைச்சர் தண்டலைநாதர். அடி கருகி வாய் கோணியது தளபதி வீரகேதனர். வேலையாட்கள் எல்லாரும் அங்கே வந்து சிரித்துவிட்டுப் போவார்கள்.

வேம்பன் சொன்னதைக் கேட்டு அமைச்சரும் தளபதியும் சித்திரக்காரரும் போய்ப் பார்த்தார்கள். பார்த்தவுடன் தங்களைத் தாங்களே கண்டுகொண்டார்கள். ஆனால் ‘அது நான்தான்’ என்று எப்படி முறையிடுவது? ஆகவே கலைக்கு அவமானம் நேர்ந்துவிட்டதாக அரசனிடம் முறையிட்டார்கள். அரசனும் ஓர் ஆணை போட்டான்: அரசவைச் சித்திரக்காரரின் கைபடாத எந்த உருவமும் அரண்மனைச் சுவரில் இருக்கக் கூடாது, இருந்தால், அதை உண்டாக்கியவர் யாராயினும் தம் கையாலேயே தேய்த்து அழித்துவிட்டு நாட்டு எல்லையைத் தாண்ட வேண்டும்.

வேம்பன் முன்னால் வந்தான். “அரசே, கலை தனக்குப் பிடித்த இடத்தில் இருக்கும். ஆணை போட்டு அதை வரவழைக்கவும் முடியாது, விரட்டவும் முடியாது” என்றான்.

மணிமௌலியார் இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார். “அப்படியானால் இந்த அரசவையிலும் இருக்க வேண்டுமே. வேம்பர் காட்டட்டும். தூரிகை படக் கூடாது, வண்ணம் தீட்டக் கூடாது, யாருடைய கையும் படக் கூடாது. ஆனால் பார்த்த கணமே இன்னார் என்று தெரிய வேண்டும்.”

அரசனுக்கு இது வேடிக்கையாக இருந்தது. “நல்ல யோசனை. வரும் பௌர்ணமிச் சபையில் காட்டு. அதுவரை அந்த மடைப்பள்ளிக்காரி இருக்கட்டும். காட்டாவிட்டால் அவளோடு நீயும் எல்லையைத் தாண்டு.”

வேம்பன் நேரே மடைப்பள்ளிக்குப் போனான். பொம்மாயி கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

“ஏன்யா, உன் வாய் சும்மாவே இருக்காதா? நான் பாட்டுக்குப் பொழுது போகாம ஒட்டி வெச்சிருந்தேன். அதைப் போய் அவுங்க முன்னாடி சொல்லணுமா?”

“தப்புதான் பொம்மாயி.”

“தப்புன்னு சொல்லிட்டா ஆச்சா? எல்லை தாண்டி நான் எங்க போவேன்? எனக்கு அங்க யாரு இருக்கா?”

அன்று அவள் போட்ட சோறு அவனுக்கு இறங்கவில்லை.

மறுநாள் அவையில் வரி பற்றிய பேச்சு நடந்தது. வெயில் ஏறிய நேரம். அமைச்சர் பெருமக்கள் வழக்கம்போலச் சுவரில் தலையைச் சாய்த்து நாட்டைப் பற்றிச் சிந்தித்துக்கொண்டிருந்தார்கள். சிலருடைய சிந்தனை குறட்டையாகவே கேட்டது. அரசன் கூப்பிட்டதும் தண்டலைநாதர் திடுக்கிட்டு எழுந்து முன்னே போனார். வேம்பன் மட்டும் அவர் போன திசையைப் பார்க்காமல், அவர் உட்கார்ந்திருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்று அவன் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

பௌர்ணமிச் சபை கூடியது. பொம்மாயியும் ஒரு பெரிய மண்தொட்டியோடு வாசலோரம் நின்றாள்.

“சித்திரம் எங்கே?” என்றார் மணிமௌலியார்.

“பெரியவர்கள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். தயவுசெய்து எழுந்து அவை நடுவே வாருங்கள்.”

எல்லாரும் எழுந்து வந்தார்கள். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரில், ஒவ்வோர் ஆசனத்துக்கு மேலேயும் எண்ணெய்க் கறை ஒன்று தலைபோல உட்கார்ந்திருந்தது.

அரசன் கண்ணை இடுக்கிப் பார்த்தான். “இந்த அகலத் தலை... அமைச்சரே, இது நீரல்லவா? வாயோரம் வழிந்த கோடுகூட இருக்கிறதே.” அடுத்ததைப் பார்த்தான். “இது ஏன் கறுப்பாக இருக்கிறது?”

“அது தளபதியார், அரசே. அவர் இளமை கொஞ்சம் சுவரில் ஒட்டிக்கொண்டது” என்றான் வேம்பன்.

வீரகேதனர் கை தன்னையறியாமல் சாயம் பூசிய தலைக்குப் போயிற்று.

“அதோ, எல்லாவற்றிலும் ஆழமாகப் பதிந்திருப்பது சித்திரக்காரருடையது. வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் எத்தனை உழைப்பு பாருங்கள்.”

“இது அழுக்கு” என்று கத்தினார் மணிமௌலியார். “இதைச் சித்திரம் என்பதா?”

“தூரிகை படவில்லை, வண்ணம் தீட்டவில்லை. கையும் படவில்லை, தலைதான் பட்டது. இன்னார் என்பதை அரசரே சொல்லிவிட்டார். வேறென்ன வேண்டும்?”

சித்திரக்காரருக்கு ஆத்திரத்தில் புத்தி மழுங்கிவிட்டது. “அப்படியே சித்திரமானாலும் என் கைபடாத உருவம். ஆணைப்படி அழித்தே ஆக வேண்டும்.”

“ஐயா சொல்வது நியாயம்” என்றான் வேம்பன். பொம்மாயி தொட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். அதில் சாம்பலும் தேங்காய் நாரும் இருந்தன. “உண்டாக்கியவர்கள் ஆளுக்கொரு பிடி எடுத்துத் தேய்த்துவிட்டு எல்லையைத் தாண்டலாம். இருட்டுவதற்குள் புறப்பட்டால் வழிக்கு நல்லது.”

ஒருவரும் அசையவில்லை. வேம்பன் ஒரு பிடி நாரை எடுத்து, அரியணையின் முன் போய்ப் பணிவாக நீட்டினான். அரசன் மெல்லத் திரும்பிப் பார்த்தான். அரியணைக்குப் பின்சுவரில், கிரீடம் சரிந்த அடையாளத்தோடு, எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒரு கறை இருந்தது.

அரசனின் முகம் சிவந்தது, கன்னம் துடித்தது. பிறகு வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி மண்டபம் முழுக்க உருண்டது. அரசன் சிரித்ததால் அமைச்சர்களும் சிரித்தார்கள். என்ன செய்வது, அது அவர்கள் உத்தியோகம்.

“ஆணை இந்தக் கணமே ரத்து” என்றான் அரசன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “எனக்கு எல்லை தாண்டும் உத்தேசம் இல்லை.” கழுத்திலிருந்த மணிமாலையைக் கழற்றி வேம்பனுக்குப் போட்டான். அப்படியே மடைப்பள்ளிப் பின்சுவரைப் பார்க்கப் புறப்பட்டான்.

அங்கே சட்டி சட்டியாகப் பார்த்துக்கொண்டே போனவன், கடைசிச் சட்டியும் முடிந்ததும் ஏமாந்துபோனான்.

“ஏன் பெண்ணே, இவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். நான் எங்கே?”

பொம்மாயி சுவரையும் பார்த்தாள், அரசனுடைய இடுப்பையும் பார்த்தாள். “அந்த அளவுக்குப் பெருசா எதுவும் இன்னும் உடையல சாமி.”

அரசன் சுற்றுமுற்றும் பார்த்தான். திருவிழாச் சோறு வடிக்கும் பெரிய மிடாப் பானை ஒன்று மூலையில் இருந்தது. தளபதியையும் சித்திரக்காரரையும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்கச் சொல்லி, சிரித்துக்கொண்டே தன் கையாலேயே அதைத் தள்ளி உடைத்தான்.