இரண்டு தடவை வெந்தவள்

அந்தக் காலத்தில், காக்கையும் தானியமும் மனிதரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்தபோது, பசி கண்ணுக்குத் தெரிகிற ஓர் ஆளாக இருந்தான். ஒல்லியான ஆள். வெள்ளை வேட்டி, தோளில் மடித்துப் போட்ட துண்டு. எந்த வீட்டுக்கும் சத்தம் போட்டு வரமாட்டான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, "என்ன அண்ணாச்சி, சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே வருவான். அந்த மரியாதையைக் கேட்டால்தான் ஆட்களுக்கு ஈரக்குலை நடுங்கும்.

அவனுக்கு ஒரு சட்டம் உண்டு. அவன் வருகிற நேரத்தில் ஆவி பறக்கிற சாப்பாடு முன்னால் இருக்க வேண்டும். ஆறிப்போனதை அவன் சாப்பாடாகவே மதிப்பதில்லை. ஆவி பறந்தால் ஒதுங்கிப் போய்விடுவான். அந்தச் சாப்பாட்டுக்காக அடுப்பு எவ்வளவு நேரம் எரிந்ததோ அதற்குத் தகுந்தபடிதான் ஒதுங்கி இருப்பான். நெடுநேரம் எரித்தவன் வீட்டை நெடுநேரம் எட்டிப் பார்க்க மாட்டான். அரைகுறையாக எரித்தவனைச் சீக்கிரமே தேடி வருவான். ஆவியே இல்லையென்றால் தோளில் ஒரு கையை வைப்பான். அவன் போன பிறகும், சுடச்சுட வயிறு நிறைகிற வரைக்கும் அந்தக் கையின் பாரம் இறங்காது. இன்னொரு நாள் வந்து அடுத்த தோளிலும் வைத்துவிட்டான் என்றால், அந்த ஆள் எழுந்து அவன் பின்னாலேயே நடந்து போய்விடுவான். போனவர் யாரும் திரும்பியதில்லை.

இந்தச் சட்டம் யாருக்கு வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. பண்ணை வீட்டில் விடிந்தது முதல் பொழுது அடைகிற வரைக்கும் அடுப்பு அணைந்தது கிடையாது. விறகு தள்ள ஓர் ஆள், கிண்டிவிட ஓர் ஆள், ருசி பார்க்க ஓர் ஆள். பசி அந்தத் தெரு முனையோடு திரும்பிவிடுவான். பண்ணையார் அவனை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. "பசி பசின்னு பயப்படுதானுவளே, ஆளு எப்படி இருப்பான்? கறுப்பா, செவப்பா?" என்று வெற்றிலையை மென்றுகொண்டு கேட்பாராம்.

மாடக்கண்ணு அவனை நன்றாகவே பார்த்திருந்தான்.

சுண்ணாம்புக்கல்லைச் சுட்டெடுக்கிற காளவாசலில் கல் சுமக்கிறவன் மாடக்கண்ணு. அவனுக்கும் அண்ணன் கொம்பையாவுக்கும் ஒரே குடிசை. தம்பி காளவாசலுக்குப் போவான், அண்ணன் அடுப்பைப் பார்த்துக்கொள்வான். ஒரு மழைக்காலத்தில் விறகெல்லாம் நனைந்துபோய், ஒருவர் குடிக்கிற கஞ்சிதான் காய்ச்ச முடிந்தது. கொம்பையா அதைத் தம்பி முன்னால் தள்ளி வைத்து, "நான் அப்பவே குடிச்சிட்டேம்லே" என்றான். பசி வந்தான். தம்பியின் கஞ்சியில் பறந்த ஆவியைப் பார்த்து மரியாதையாக ஒதுங்கி, அண்ணன் பக்கமாகப் போய் உட்கார்ந்து தோளில் கையை வைத்தான். ஏற்கெனவே ஒரு கை விழுந்திருந்த ஆள் கொம்பையா. தம்பியிடம் அதைச் சொன்னதில்லை. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து, தெற்கே நடந்துவிட்டான். மாடக்கண்ணு அதை மன்னிக்கவில்லை. பசியை மன்னிக்கவில்லை, பண்ணை வீட்டை மன்னிக்கவில்லை, பெய்த மழையைக்கூட மன்னிக்கவில்லை.

அண்ணன் போன பிறகு அடுப்பைப் பார்க்க ஆளில்லை. காளவாசலிலோ மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கங்காணி ஒரு செம்புத் தண்ணீரைக் காளவாசல் ஓரத்துக் கல்மேல் ஊற்றுவார். அந்த ஈரம் காய்வதற்குள் ஆட்கள் தின்றுவிட்டுத் திரும்பி வந்து, ஈரத்தில் கால் வைக்க வேண்டும். காய்ந்த கல்லை மிதித்தவனுடைய கூடை வேறொருவன் தலைக்குப் போய்விடும். அந்த வட்டாரத்தில் வேறு வேலை கிடையாது. உள்ளே நெருப்பு எரிகிற இடத்தில் கல் எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கும்? பெண்டாட்டி உள்ளவர்களுக்குக் கலயத்தில் சூடாகக் கஞ்சி வந்துவிடும். மாடக்கண்ணு குடிசைக்கு ஓடி, நொய்யைப் பானையில் போட்டு, வெந்தும் வேகாமலும் விழுங்கிவிட்டு ஓடி வருவான். அரிசி இனத்துக்கு அவசரம் தெரியாது. உடைந்து நொய்யான பிறகும் அதன் பவிசு போகவில்லை. "மெதுவா வேகவிடுலே, நாங்க என்ன உனக்குக் கூலிக்கா வேகுதோம்?" என்று பானைக்குள்ளிருந்து அதட்டும். அப்படி ஒருநாள் அது கொதிக்கவே இல்லை. பசி வந்து மாடக்கண்ணுவின் இடது தோளில் கையை வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் அந்தப் பாரத்தோடுதான் கல் சுமந்தான். வலது தோள் மட்டும்தான் மிச்சம்.

மத்தியானம் கங்காணி செம்பைக் கவிழ்த்தபோது அதில் பாதிதான் தண்ணீர் இருந்தது.

"இன்னிக்கு வெயில் கம்மிதானல, இது போதும்" என்றார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அவருடைய தங்கை மகன் வேலை கேட்டு வந்து, மாடக்கண்ணுவின் கூடையைப் பார்த்தபடி ஓரமாக நின்றான்.

மாடக்கண்ணு ஓடினான். குடிசைக்குள் புகுந்து அடுப்பைப் பற்ற வைத்து, சின்னப் பானையில் தண்ணீரை ஏற்றினான். நொய்யை அள்ளினால் கைக்குள்ளிருந்தே அது எட்டிப் பார்த்துச் சொன்னது: "பச்சை விறகா? சாயங்காலம் ஆவும்."

அந்த நேரத்தில் கூரைமேல் இருந்த காக்கை, அலகில் கவ்வியிருந்த எதையோ தொப்பென்று அடுப்பு முன்னால் போட்டது. கம்பி கம்பியாக, மஞ்சள் நிறத்தில், ஒன்றோடொன்று பின்னிச் சுருண்ட ஒரு பந்து.

"கூடுன்னு நினைச்சுப் பண்ணை வீட்டுப் பின்கட்டுலேருந்து தூக்கியாந்தேன்" என்றது காக்கை. "எம் பொஞ்சாதி ஒக்காந்து பாத்துட்டுக் குத்துதுங்கா. அதோட ஓயாத பொலம்பல். நீயே வச்சுக்கோ வே."

"நான் கூடு இல்ல, கோதுமை மாவுல இழுத்த இழை!" என்றது அந்தச் சுருள். பெண் குரல். "நேரா, நூல் புடிச்ச மாதிரி பொறந்தவ. பண்ணையார் மவ கல்யாணத்துப் பாயசத்துக்குன்னு என்னைய ஆவியில வேக வச்சாவ. சமையல் பண்ணுற தவசிப்பிள்ளை தட்டோட தூக்கிட்டுப் போவையில கால் தடுக்கி, அப்பளம் பொரிக்கிற எண்ணெயில கொட்டிட்டாரு. துடிச்சுச் சுருண்டுட்டேன். தடுக்கினது அவரு காலு. ஆனா அவரு என்ன சொன்னாரு தெரியுமா? கோணல் பண்டம் பந்திக்கு ஆவாதுன்னுட்டாரு."

"தாயி, உன் கதையைக் கேக்க நேரமில்ல. அங்க கல்லு காயுது."

"அதுக்குத்தான் சொல்லுதேன். ஒரு தடவை வெந்து வந்தவளுக்கு இன்னொரு தடவை வேக எவ்வளவு நேரமாவும்? தண்ணி கொதிச்சதும் என்னைத் தூக்கிப் போடு."

மாடக்கண்ணு ஊதுகுழலைக் கீழே வைத்தான். ஒன்றும் கேட்காமல் உதவுகிறவர்களை அவன் பார்த்ததில்லை. "உனக்கு இதுல என்ன லாபம்?"

"பந்திக்கு ஆவாதவ, ஒருத்தன் வயித்துக்காவது ஆனவளா இருந்துட்டுப் போறேன்."

கூரையிலிருந்து காக்கை கத்தியது. "வே! சுண்ணாம்பு மேட்டுக்கிட்ட வாறான். துண்டை ஒதறித் தோள்ல போடுதான்!"

மாடக்கண்ணு குனிந்து ஊதினான். புகை கண்ணில் அப்பியது. தண்ணீரின் அடியில் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றன, மேலே வரவில்லை. மறுபடி ஊதினான். நெஞ்சு வலித்தது. ஒரு குமிழி கழன்று மேலே வந்து வெடித்தது. பிறகு இன்னொன்று. பிறகு பானை முழுக்கப் புரண்டது. சுருளைத் தூக்கிப் போட்டான்.

அது அதட்டவில்லை, அலட்டவில்லை. உடனே இளகியது. ஆனால் பின்னல் கழன்றாலும் வளைவு மட்டும் போகவில்லை.

"நேரா நிமிராதா தாயி?" என்றான், கரண்டியால் அமுக்கிக்கொண்டே.

"மாட்டேன். நேரா நின்னப்ப எனக்கு என்ன கெடைச்சிது?" என்றாள் அவள். "அது கெடக்கட்டும். உப்பு ஒறைப்பு ஏதும் இருக்கா? வெறும் மாவாட்டம் இருப்பேன். தொண்டையில எறங்க மாட்டேன்."

இருந்தது. கூரை வாரிக் கம்பில் ஒரு துணி முடிச்சு தொங்கியது. கொம்பையா இடித்து வைத்துவிட்டுப் போன பொடி. மிளகாய், மல்லி, கொஞ்சம் உப்பு. அண்ணன் கை பட்டது என்று அது இருந்ததே தவிர, மாடக்கண்ணு இத்தனை நாளும் அதை அவிழ்க்கவில்லை, தொட்டதுகூட இல்லை.

"செருப்பைக் கழட்டுதான் வே!" என்றது காக்கை.

மாடக்கண்ணு முடிச்சைப் பிய்த்து எடுத்தான். அவசரத்தில் அவிழவில்லை. பல்லால் கடித்துக் கிழித்து மொத்தத்தையும் பானையில் உதறினான். அண்ணன் சமைக்கிறபோது வருகிற அந்த மணம் குப்பென்று எழுந்தது. அப்படியே பானையை வட்டிலில் கவிழ்த்தான்.

"என்ன அண்ணாச்சி, சௌக்கியமா?"

பசி உள்ளே வந்து, பதில் வருவதற்குக் காத்திராமல் வலது கையை நீட்டினான். வட்டிலிலிருந்து கிளம்பிய ஆவி உள்ளங்கையில் அடித்தது. கையை இழுத்துக்கொண்டு வட்டிலைக் குனிந்து பார்த்தான். பிறகு அடுப்பைப் பார்த்தான். விறகின் நுனி மட்டும்தான் கருகியிருந்தது.

"நல்லது. ஆவி பறக்குது, கை வைக்க மாட்டேன்" என்றான். "ஆனா எரிஞ்ச அடுப்பு இவ்வளவுதான். இதுக்கு நான் அந்தா தெரியுற பனைமரம் வரைக்கும்தான் போவேன். போன காலோட திரும்பிருவேன்."

"நில்லும்!" என்றாள் வட்டிலில் இருந்தவள். "நான் இங்க மட்டுமா வெந்தேன்? பண்ணை வீட்டு அடுப்புல ஆவியில வெந்தேன், எண்ணெயில பொரிஞ்சேன். அந்தத் தீயையும் சேத்துப் பாரும். இவன் பக்கம் நாள் முழுக்க நீரு வரப்படாது."

பசி சிரித்தான். "அது பண்ணை வீட்டுத் தீ தாயி. அதுக்கு நான் பண்ணை வீட்டைவிட்டுத்தான் ஒதுங்கணும். ஒதுங்கித்தானே இருக்கேன்?"

மாடக்கண்ணுவுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரைக்கும் எரிந்தது. "அந்த வீட்டுச் சுவத்துச் சுண்ணாம்பு நான் சுமந்தது வே! அந்தத் தீக்கு வெறகு வெட்டினவனெல்லாம் எங்க தெருக்காரன். நீரு என்ன நியாயம் பேசுதீரு?"

"சுமந்தது சரி அண்ணாச்சி. அடுப்பு யாரு வீட்டுது?"

"எங்க அண்ணன் என்ன பாவம் செஞ்சான்? அவன் எரிக்காத அடுப்பா?"

"சொல்லுங்க. கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்." பசி சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். முகத்தில் கோபமே இல்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, கதை கேட்கிறவனைப்போலத் தலையாட்டினான்.

மாடக்கண்ணு சொன்னான். மழைக்காலத்தைச் சொன்னான். பாதிச் செம்பு ஊற்றின கங்காணியைச் சொன்னான். நெஞ்சுக்குள் அடுக்கி வைத்திருந்த ஒவ்வொன்றையும் எடுத்து வைத்தான். சொல்லச் சொல்லச் சூடு ஏறியது. எல்லாமே உண்மை, பசியாலும் ஒன்றைக்கூட மறுக்க முடியவில்லை. அதனால்தானோ என்னவோ, அவன் கண் மாடக்கண்ணுவின் முகத்தில் இல்லை. வட்டிலின் மேலேயே இருந்தது.

"கல்லு வெளுத்துட்டு வருது வே!" என்றது காக்கை.

மாடக்கண்ணு கீழே பார்த்தான். கொத்தாக எழுந்துகொண்டிருந்த ஆவி நூலாக மெலிந்திருந்தது. பசியின் வலது கை மடியைவிட்டுக் கிளம்பியிருந்தது.

நியாயம் மாடக்கண்ணு பக்கம்தான் இருந்தது. இன்னும் நாலு வார்த்தை பேசினால் பசியின் வாயை அடைத்திருக்கலாம். அதற்குள் வட்டில் ஆறியிருக்கும்.

அவன் வாயை மூடிக்கொண்டான். அவன் பிறந்ததிலிருந்து செய்த வேலைகளிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

"சரி" என்றான். "பனைமரம் வரைக்கும்தானே? போயிட்டு வாரும். ஒத்துக்கிட்டேன்."

சொல்லிக்கொண்டே ஒரு கை அள்ளி வாயில் திணித்தான். நாக்கு வெந்தது. அள்ளினான், விழுங்கினான். அண்ணன் இடித்த காரம் மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீராக இறங்கியது. வட்டிலின் அடியிலிருந்து, "மெல்லத் தின்னுலே, நான் எங்கயும் ஓடிர மாட்டேன்" என்று கடைசியாக ஒரு குரல் வந்தது. பிறகு வரவில்லை. இடது தோளில் கிடந்த பாரம் சட்டென்று இறங்கியது. பசி எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு பனைமரத்தைப் பார்த்து நடந்தான்.

மாடக்கண்ணு காளவாசலுக்கு ஓடினான். கல் முழுக்க வெளுத்துக் கிடந்தது. ஓரத்தில், ஒரு வெடிப்புக்குள் மட்டும் விரல் அகலத்துக்கு ஈரம் இருந்தது. கங்காணி அவனுடைய கூடையைத் தூக்கித் தங்கை மகன் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். மாடக்கண்ணு கட்டைவிரலை அந்த வெடிப்பில் ஊன்றினான்.

"வந்துட்டியாக்கும்" என்றார் கங்காணி.

"வந்துட்டேன். கூடையைக் குடுங்க."

அடுத்த நடை கல்லை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது, பனைமரத்தைத் தொட்டுவிட்டுப் பசி திரும்பி வந்துகொண்டிருந்தான். வேலை முடிகிற வரைக்கும் காளவாசல் ஓரத்தில் நின்றான். பொழுது சாய்ந்து மாடக்கண்ணு குடிசைக்கு நடந்தபோது கூடவே நடந்து வந்தான். வழியில் மாடக்கண்ணு பண்ணை வீட்டுப் பின்கட்டுக் குப்பையில் புகுந்து, மீந்து கிடந்த சுருள்களையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டான். குடிசைக்கு வந்ததும் பசிக்கு ஒரு பலகையைத் தள்ளிப் போட்டான்.

"ஒக்காரும் வே. தண்ணி கொதிக்கிறதுக்குள்ள நீரு என்ன செஞ்சிருவீரு?"

காளவாசல் தெருவில் அடுப்பைப் பார்க்க ஆளில்லாத வீடுகளெல்லாம் அந்தச் சுருளுக்கு மாறின. குப்பையைப் பொறுக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், கோணல் பண்டம் ஆகாது என்று எறிந்த அதே தவசிப்பிள்ளை, இழைகளை வேண்டுமென்றே ஆவியில் வேக வைத்து எண்ணெயில் தள்ளினார். காரப்பொடியை ஒரு சின்னப் பொட்டலமாகக் கூடவே கட்டி, அந்தத் தெருவிலேயே கொண்டுவந்து விலைக்கு விற்றார். எல்லாம் தன் மூளையில் உதித்தது என்று கடைசிவரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தார். மாடக்கண்ணு அதையும் மன்னிக்கவில்லை. ஆனால் வாங்கினான்.

அன்று முதல்தான், நாம் நூடுல்ஸ் என்று வாங்குகிற அந்தச் சுருள் எவ்வளவு கொதித்தாலும் நிமிராமல், கண்மூடித் திறப்பதற்குள் வெந்து கொடுக்கிறது. தின்ற வட்டிலைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் பசி திரும்பி வந்து வாசலில் நிற்கிறான், ஆனால் தோளில் கை வைக்க மட்டும் அவனுக்கு நேரம் போதுவதில்லை.