யாரும் ஏறாத புயல் மண்டபம்

உப்பளத்தை ஒட்டிய ஓர் ஊரில், புயலன்று ஊர் வந்து ஒதுங்குவதற்கென்று புயல் மண்டபம் ஒன்று இருந்தது. வெள்ளம் எட்டாதபடி தூண்கள்மேல் தூக்கிக் கட்டியிருந்தார்கள். ஏற இருபத்திரண்டு படிகள், சுவரில் சாய்த்த ஏணி மாதிரி. இரண்டு புயல் வந்து போய்விட்டது. ஒரு ஈ காக்கைகூட உள்ளே வரவில்லை. சும்மா நின்று நின்று மண்டபத்துக்கு அலுத்தே போனது.

மூன்றாவது புயலன்று மத்தியானம் தையல்நாயகி தன் சினைமாட்டை ஓட்டிக்கொண்டு வந்தாள். புருஷன் போனபிறகு அவளுக்கென்று இருந்தது அந்த மாடு ஒன்றுதான். மாடு முதல் படியில் கால் வைத்தது, வழுக்கியது, பின்வாங்கி நின்றுகொண்டது.

“மாட்டை விட்டுட்டு ஏறி வா தாயி,” என்றது மண்டபம்.

“விட்டுட்டு வந்து? நாளைக்கு எதை வச்சுப் பொழைக்கிறது?”

“உயிர் இருந்தா உப்பு வித்தாவது உண்ணலாம்னு சொல்லுவாங்களே.”

“சொல்றவங்க வீட்டுல மாடு இருக்காது,” என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கே திரும்பிப் போனாள்.

மண்டபத்தின் ஆத்திரம் படிகள்மேல் பாய்ந்தது. “எல்லாம் உங்களாலதான். இப்படியா செங்குத்தா நிப்பீங்க?”

“எங்களை வரைஞ்சவர் பட்டணத்துல இருந்தார்,” என்றன படிகள், களைத்த குரலில். “இந்த ஊர்ல மாடு உண்டுன்னு அவர்கிட்ட யார் சொன்னா?”

விடிந்தபோது தையல்நாயகி வீட்டுச் சுவர் விழுந்து கிடந்தது. அவள் எப்படியோ தப்பிவிட்டாள். மாடு சுவருக்கு அடியில் நசுங்கிச் செத்துப்போயிருந்தது.

வெறும் கயிற்றோடு வந்து நின்றவளைப் பார்த்து மண்டபத்துக்கு அழுகையே வந்தது. அவள் அழவில்லை. இடிந்த சுவரைக் கூடை கூடையாக அள்ளி வந்து முதல் படியில் கொட்டினாள்.

“உனக்குத்தான் இனி மாடு இல்லையே தாயி?”

“ஊர்ல மத்தவங்களுக்கு இருக்குல்ல.”

அதைப் பார்த்து ஊரும் கூடையைத் தூக்கியது. அவரவர் வீட்டில் இடிந்தது அவரவர் தலையில் வந்தது. ஒன்பது நாளில் படிகள் புதைந்து, கன்றுக்குட்டிகூட ஏறுகிற சரிவாகிவிட்டது.

பத்தாம் நாள் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். சரிவைப் பார்த்ததும் அவர் முகம் சிவந்தது.

“யாரைக் கேட்டு இதையெல்லாம் செஞ்சீங்க?”

மண்டபம் பெருமூச்சு விட்டது.

“இந்தக் கேள்வியை என்னைக் கட்டுறதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாமே, ஐயா.”